இடப்பக்கம் சாயும் வண்டி

“அந்த வண்டிய எடைக்குப் போட்ரு. ஆடிப்பூரம் முடிஞ்சதும் நான் கார எடுத்துக்கிட்டு வாரேன், அம்மா இனிமே எங்கூட இருக்கட்டும்” என்று கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் போனில் சொன்னான். அப்போது நான் மில் வாசலில் நின்று அதே வண்டியைத்தான் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சங்கு ஊதிவிட்டார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். வந்தால் லேசில் போகாது.

அது அப்பா வாங்கிய நூறு சிசி வண்டி. அப்பா போன பிறகு அதை விற்கச் சொன்னவர்கள் நிறைய பேர். நான் விற்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கல்யாணம் சரிப்படாமல் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவள் கியர் வண்டியும் ஓட்டினால் தெருவுக்குப் பேச இரண்டு விஷயம் கிடைத்துவிடுகிறது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்கூட்டி வாங்கலாமே என்று அக்கறையாகக் கேட்பவர்களிடம், வாங்கிக் கொடுங்களேன் என்பேன். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

எஞ்சினில் ஒரு குறையும் கிடையாது, ஒரே உதையில் கிளம்பிவிடும். கோளாறெல்லாம் பின்பக்கத்தில்தான். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் குலுக்கலைத் தாங்குவதற்கென்று நிற்கிற ஷாக் அப்சர் இரண்டும் செத்துப்போயிருந்தன. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் இரும்போடு இரும்பு மோதி ‘டொம்’ என்று ஒரு சத்தம் வரும். அடுத்த நொடியே பின்னால் அம்மாவின் சத்தம் வரும்.

“யாத்தே! ஏட்டி, பாத்துப் போயேன்.”

பார்த்துத்தான் போனேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் தார் பெயர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். தெரிந்து என்ன செய்ய, வண்டி தாங்க வேண்டுமே.

அம்மாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில்தான் பிழைப்பு. அங்கே ஒரு தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கடையில் சேலை எடுத்தவர்களுக்கு அங்கேயே ஓரம் அடித்துக் கொடுப்பாள், இறுக்கமான ரவிக்கையைப் பிரித்து விடுவாள், தொளதொள சுடிதாரைப் பிடித்துக் கொடுப்பாள். கடைக்காரர் வாடகை வாங்குவதில்லை. அம்மா அங்கே இருப்பதே அவருக்கு வியாபாரம். வருஷக்கணக்காகப் பஸ்ஸில்தான் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் குறுக்கே வந்த மாட்டுக்காக டிரைவர் பிரேக் பிடித்தார். கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டிருந்த அம்மா மல்லாக்க விழுந்தாள். மாட்டின் மேலும் தப்பில்லை, டிரைவர் மேலும் தப்பில்லை. இடுப்பில் டிஸ்க் பிதுங்கிவிட்டது.

ஆபரேஷன் வேண்டாம், ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது, உயரமான படி ஏறக் கூடாது என்றார் டாக்டர். உட்கார்ந்து தைக்கலாம், நடுநடுவே எழுந்து நடந்தால் போதும் என்றார். தினமும் ஆட்டோவில் போனால் அம்மா தைப்பது ஆட்டோக்காரருக்குத்தான். அதனால் நான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். என் மில்லும் அதே ரோட்டில்தான். அம்மாவை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் வேலைக்குச் சரியாக இருக்கும். சாயங்காலம் போய்க் கூட்டி வருவேன். ஆனால் அந்த ‘டொம்’ ஒவ்வொன்றும் அம்மாவின் இடுப்பில் போய் விழுந்துகொண்டிருந்தது. அவள் குரலில் இருந்த வலி அண்ணனுக்குப் போனிலேயே கேட்டுவிட்டது.

அண்ணன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது மாடியில் லிப்ட் வைத்த வீடு, அம்மாவுக்கென்று தனி ரூம், மருமகளும் நல்லவள். அம்மா அங்கே போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தவள்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“ஒரு கொறையும் இல்ல. எல்லாத்தையும் கைக்குக் கொண்டாந்து குடுக்காக. காலையில எந்திரிச்சா என்ன செய்யன்னுதான் தெரியல” என்றாள்.

மிஷின் கிடக்கிற இடத்தை ஒரு மாதம் சும்மா விட்டால் வேறொரு ஆள் வந்து உட்கார்ந்துவிடும். அந்த இடம் போனால் அம்மாவுக்கு இந்த ஊரில் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கோயம்புத்தூர்தான். ஆக, என் வண்டியின் பின்பக்கம் தாங்கினால் அம்மா இங்கே இருப்பாள், தாங்காவிட்டால் போய்விடுவாள்.

பஞ்சு மார்க்கெட் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வண்டியின் வாலைப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினார். போனது போனதுதான், மேலே வரவில்லை.

“அக்கா, ரெண்டும் அவுட்டு. எடது பக்கம் ஆயிலே இல்ல, புஷ்ஷும் தின்னுட்டு. ஜோடியாப் புதுசு போட்ருங்க.”

“பழசு போட்டா?”

“பழசு போட்டா பழசு மாதிரித்தான் ஓடும்.”

புதிதுக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்த மாதம் ஸ்கேனும் மாத்திரையும் என் சம்பளத்தைத் துடைத்து எடுத்திருந்தன. அண்ணனிடம் கேட்டால் அன்றைக்கே அனுப்பியிருப்பான். ஆனால் காசோடு சேர்த்து முடிவையும் அனுப்புவான். இம்புட்டு செலவழிச்சு அந்தத் தகரத்தை எதுக்கு ஓட்டுற என்று ஆரம்பிப்பான். எனக்குக் காசு வேண்டியிருந்தது, அந்தப் பேச்சு வேண்டியிருக்கவில்லை. அதனால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தென்காசி ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, “பேப்பர் போட வந்தியாம்மா?” என்றார். ஷாக் அப்சர் வேண்டும் என்றேன். உள்ளே கைகாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் துரு மலைக்குள் புகுந்தேன். முன்பக்கம் நசுங்கி, பின்பக்கம் பவிசாக இருந்த ஒரு வண்டி கிடந்தது. யாருடையதோ, அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அதன் ஷாக் அப்சர் இரண்டையும் கழற்றித் தரையில் நிறுத்தி என் எடை முழுக்கப் போட்டு அமுக்கிப் பார்த்தேன். தண்டு வளையவில்லை, ஸ்பிரிங் திமிறியது. கடைக்காரர் வந்து தராசில் வைத்தார். அண்ணன் வண்டியை எடைக்குப் போடச் சொன்னான். நான் எடைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த நினைப்பிலேயே வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மெக்கானிக் அவற்றைப் பிரித்து, புது ஆயில் சீல் போட்டு, ஆயில் ஊற்றினார். பழசு மாதிரித்தான் ஓடும் என்று சொன்ன வாய் இப்போது, “சரக்கு நல்லாத்தாங்கா இருக்கு” என்றது. ஆனால் ஒரு சிக்கல். அது வேறு கம்பெனி வண்டியுடையது. மாட்டுகிற இடத்தில் அதன் துவாரம் பெரிது, என் வண்டியின் போல்ட்டு சிறிது. நடுவில் ஓர் இரும்புக் குழாயும் அதைச் சுற்றிக் கனமான ரப்பர் வளையமும் இருக்க வேண்டும். அதைத்தான் புஷ் என்கிறார்கள். இந்த அளவுக்குக் கடையில் ரெடிமேடாக எதுவும் கிடையாது.

“கொழாயி நான் வெட்டித் தாரேன். ரப்பருக்குத்தான் எங்க போக?” என்று தலையைச் சொறிந்தார்.

“ரப்பரா? அது எங்கிட்ட எம்புட்டு வேணும்னாலும் இருக்கு” என்றேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை. மில்லில் என் வேலையே ரப்பர்தான். நூற்பு மிஷினில் பஞ்சைப் பிடித்து இழுத்துக் கொடுக்கிற உருளைகள் மேல் ரப்பர் உறை மாட்டியிருக்கும். அதற்கு காட்ஸ் என்று பெயர். ஓட ஓட அதில் வரி விழும், நூல் கெடும். அப்போது அதை எங்கள் ரூமுக்குக் கொண்டு வருவார்கள். நாங்கள் கிரைண்டிங் மிஷினில் கொடுத்து மேல்தோலை மட்டும் சீவி, வழவழப்பாக்கித் திருப்பி அனுப்புவோம். சீவிச் சீவி மெலிந்துபோனதைக் கழித்துவிடுவார்கள். ராஜபாளையத்தில் மில்காரர் வீடுகளுக்குப் போனால் கழிவு காட்ஸைப் பார்க்கலாம். கட்டில் காலுக்கு, கதவு இடிக்காமல் இருக்க, ஆடுகிற பீரோவுக்கு முட்டுக் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுக் கழிவுப் பெட்டியிலிருந்து நாலைந்து எடுத்துக்கொண்டேன்.

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். காட்ஸில் மெத்தென்றும் உண்டு, கெட்டியாகவும் உண்டு. முன்வரிசை உருளைக்கு மெத்தென்றது, பின்வரிசைக்குக் கெட்டி. மெத்தென்றதில் நல்ல நூல் வரும், மில்லில் அதற்குத்தான் மரியாதை. அந்த மரியாதையை நான் வண்டிக்கும் கொண்டுபோய்விட்டேன். அம்மாவின் இடுப்புக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே மெதுவானதாகப் பொறுக்கினேன். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் அளவாகச் சீவினேன். மெக்கானிக்கும் மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஊரைத் தாண்டும் வரைக்கும் சொர்க்கம்தான். முதல் ஸ்பீடு பிரேக்கரில் சத்தமே இல்லை. நான் தலையைத் திருப்பி, “எப்படி?” என்று கேட்கப் போனேன். அப்போது ஒரு பஞ்சு லாரி உரசிக்கொண்டு போனது. அது கிளப்பின காற்றிலேயே வண்டியின் பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடியது. ஹேண்டில்பாரை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வால் மட்டும் தன் இஷ்டத்துக்குப் போனது. வளைவுகளில் இன்னும் மோசம். அம்மா என் இடுப்புச் சதையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

“ஏட்டி, இது வண்டியா ஊஞ்சலா? நிப்பாட்டு, நான் நடந்தே போறேன்!”

நடக்க விடவில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்தேன். விழுந்துவிடாமல் இருக்க அம்மா வழியெல்லாம் உடம்பை முறுக்கிக்கொண்டே வந்ததில் அன்று சாயங்காலம் இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரோரம் படுத்துக்கொண்டு முனகினாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் கூப்பிட்டான். முனகலைக் கேட்டுவிட்டான்.

“நான் சொன்னா ஒனக்கு வீம்பு. அவிய ஒடம்ப வச்சா ஒன் வீம்பக் காட்டுவ?” என்றான்.

வீம்புதான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வீம்பு எனக்காக மட்டும் இல்லை என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டுத் தனியாக அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வெந்நீர்ப் பையை அம்மாவின் இடுப்பில் வைத்தேன்.

மெக்கானிக் புஷ்ஷைக் கழற்றிக் காட்டினார். கசக்கிப்போட்ட பணியாரம் மாதிரி ஒரு பக்கம் பிதுங்கிப் போயிருந்தது. “அக்கா, மெதுவா இருக்க வேண்டியது ஸ்பிரிங்குதான். இது பிடிச்சிக்கிட்டு நிக்கணும். இதுவும் மெதுவா இருந்தா யாரு எதைப் பிடிக்க?” என்றார். கேட்டவுடனே எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. ரப்பரோடேயே குடித்தனம் நடத்துகிறவள் அதை யோசித்திருக்க வேண்டாமா. அடுத்த நாள் பின்வரிசை காட்ஸில் ஆகக் கெட்டியானதை எடுத்துச் சீவினேன். குழாய் மேல் அதை ஏற்றவே இரண்டு பேர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மாட்டிய பிறகு வால் ஆட்டம் அடங்கிவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் வண்டி அமுங்கி, திமிறாமல் எழுந்தது.

ஆனாலும் ஒரு குறை மிச்சமிருந்தது. அம்மா ஏறி உட்கார்ந்தவுடன் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. நேராகப் போவதற்கு நான் வலப்பக்கம் சாய்ந்துகொள்ள வேண்டும். மெக்கானிக் இடது ஸ்பிரிங்கின் விறைப்பை மட்டும் இரண்டு கட்டை, அதாவது இரண்டு படி, கூடுதலாக ஏற்றினார். அம்மா இருக்கும்போது பரவாயில்லை. இறக்கிவிட்டு நான் மட்டும் திரும்பும்போது வலப்பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் அவர் தன் வண்டியில் எங்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்து பார்த்தார். அம்மாவை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டு சீட்டைத் தடவிக் காட்டினார். சீட்டின் பஞ்சு இடப்பக்கம் மட்டும் அமுங்கிப் போயிருந்தது. டயர் இடப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. சேலைக்காரிகள் கால் வைக்கிற பலகைகூட இடப்பக்கம்தான் இருக்கிறது, அது கீழ்ப்பார்க்க வளைந்திருந்தது.

“அக்கா, வண்டியில இனி கோளாறு இல்ல. அம்மா ஒரு பக்கமா உக்காருறதுலதான் இருக்கு. அதான் எடது ஷாக்கு மொதல்ல போயிருக்கு. ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தாகன்னா ரெண்டு ஸ்பிரிங்கும் சமமாத் தாங்கும். அவியளுக்கும் இடுப்பு திரும்பாது” என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

அப்பா காலத்திலிருந்து அம்மா அப்படித்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். இரண்டு காலும் இடப்பக்கம், இடுப்பு ஒரு முறுக்கு, ஒரு கை சீட்டுக் கம்பியில், ஒரு கை ஓட்டுகிறவரின் இடுப்பில். டிஸ்க் பிதுங்கியவள் தினமும் அந்த முறுக்கோடுதான் போய் வந்திருக்கிறாள். குலுக்கலைத்தான் நான் பார்த்தேன், முறுக்கைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை, நானும் அதே தெருக்காரிதானே.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இந்த வயசுல சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு நான் ஆம்பளையாட்டம் உக்காரணுமா? ஊரு சிரிக்கவா?”

“ஊரு வந்தா ஒன் இடுப்பத் தேச்சு விடுது?”

“போட்டி அங்கிட்டு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் விட்டுவிட்டேன். அவள் பெற்றதுதானே நான், பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா.

திருப்பம் அண்ணனால்தான் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கூப்பிடப் போனபோது அம்மா மிஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வீட்டு வாசலில் இறங்கியதும் வெடித்தாள். அண்ணன் கடைக்காரருக்குப் போன் போட்டிருக்கிறான். ஆடிப்பூரம் முடிந்ததும் அம்மா வரமாட்டார்கள், மிஷினை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்றிருக்கிறான். கடைக்காரர் கள்ளமில்லாமல் அம்மாவிடமே வந்து, என்ன விலைக்கு அக்கா கொடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்.

“எம் மிஷினுக்கு வெல பேச அவன் யாருட்டி? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் பீரோவுக்குப் போனாள். கருநீலத்தில் ஒரு நூல் சேலையை எடுத்து உதறித் தரையில் விரித்தாள். கத்திரிக்கோலை எடுத்தாள். பிறகு நின்றுவிட்டாள். எத்தனையோ பேருக்குச் சுடிதார் பிடித்துக் கொடுத்தவளுக்குத் தன் அளவு தெரியவில்லை. இஞ்ச் டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாரு அளவும் மனசுல கெடக்கு. எம் அளவு எனக்கே தெரியல பாரு” என்று சொல்லும்போது கோபத்துக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து தைத்தாள். முட்டிக்குக் கீழே இறங்குகிற சட்டை, தொளதொளவென்று ஒரு பேன்ட். நாடா இடுப்பை அறுக்கும் என்று அகலமான எலாஸ்டிக் வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு மிச்சத் துணியை எடுத்து வலப்பக்கம் ஒரு பாக்கெட்டும் வைத்தாள். பாக்கெட் எதற்கு என்றேன். எதுக்கா, கைய விட்டுக்கிட்டு நிக்க என்றாள்.

உட்காருவதைவிட ஏறுவதுதான் பெரும்பாடாக இருந்தது. காலைத் தூக்கிப் போட இடுப்பு விடவில்லை. வண்டியை எங்கள் வாசற்படியை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். அம்மா படியில் ஏறி நின்று, என் தோளைப் பிடித்து, காலை மெல்ல அந்தப் பக்கம் போட்டாள். ஜவுளிக்கடைக்கும் அதே உயரத்தில் ஒரு படி உண்டு. அப்பா படம் மாட்டியிருந்த அறையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும். அவர் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், வண்டி நேராக நிற்கிறதா என்றுதான் பார்த்திருப்பார்.

எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடி கிண்ணத்தோடு அப்படியே நின்றார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தெலுங்கில் பேசினால் எங்களுக்குப் புரியாது என்று நினைப்பு. மருமகளைக் கூப்பிட்டு, இவளைப் பார், குமரிப்பிள்ளை மாதிரி கிளம்பிவிட்டாள் என்று தெலுங்கில் சொன்னார். அம்மா திரும்பி, ‘வதினா’ என்று மதினி முறை வைத்துக் கூப்பிட்டு, உங்களுக்கும் ஒன்று தைத்துத் தரட்டுமா என்று அவர்கள் தெலுங்கிலேயே கேட்டாள். அந்த அம்மாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அடுத்த வாரம் தானாகவே வந்து, அந்த பாக்கெட் வைக்க எவ்வளவு துணி கூட ஆகும் என்று விசாரித்தார்.

மெக்கானிக் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரே கட்டையில் நிறுத்திக் கொடுத்தார். அன்றைக்குத்தான் வண்டி நேராகப் போனது. இத்தனை நாள் என் இடது காதில் மட்டும் பேசிக்கொண்டு வந்தவள் அன்று நடுமுதுகுக்குப் பின்னாலிருந்து பேசினாள். போகும்போது மலையையும் திரும்பும்போது மில்லையும் மட்டுமே பார்த்துப் பழகியவளுக்கு முதல் முறையாக எதிர்த்து வருவதெல்லாம் தெரிந்தது.

“ஏட்டி, எதுக்க வார லாரியெல்லாம் இப்பத்தான் தெரியுது. தெனமும் இப்படித்தான் ஓட்டுறியா நீ? கொலைகாரி!”

ஆடிப்பூரக் கூட்டத்தில் அம்மாவுக்கு நிமிர நேரமில்லாத வேலை. வலி போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் சாயங்காலம் வந்து சுவரோரம் படுப்பது நின்றுவிட்டது.

தேர் நிலைக்கு வந்த மூன்றாம் நாள் அண்ணன் காரோடு வந்தான். பின்சீட்டில் அம்மாவுக்கென்று ஒரு புதுத் தலையணையும் வாங்கி வைத்திருந்தான். தன் காலைச் சாப்பாடு முடிந்ததும் அம்மா உள்ளே போய்க் கருநீலச் சுடிதாரில் வெளியே வந்தாள். அண்ணன் இட்லிக் கையோடு எழுந்துவிட்டான்.

“என்னம்மா இது கோலம்?”

“நான் கடைக்குப் போறேன். வாரதா இருந்தா பின்னாடியே வா” என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறி, காலைப் போட்டு, என் பின்னால் உட்கார்ந்தாள். அவன் என்னை முறைத்தான். நான் வண்டியை உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது.

கண்ணாடியில் அவன் கார் தெரிந்துகொண்டே வந்தது. ஒரே ஒரு ‘டொம்’ போதும், எல்லாம் முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பெரிய ஸ்பீடு பிரேக்கர் உண்டு. பயத்தில் பிரேக்கைப் பிடிக்கப் போனேன். “மெதுவாப் போகாண்டாம், போற மாதிரியே போ” என்று அம்மா முதுகில் தட்டினாள். போனேன். வண்டி அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் அண்ணனின் காரின் அடிப்பாகம்தான் ‘கர்ர்’ என்று உரசியது.

“அவனப் பாத்து வரச் சொல்லு” என்றாள் அம்மா.

கடைப்படியில் இறங்கி, மிஷின் உறையை எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரவிக்கையோடு ஒரு பெண் ஏற்கெனவே காத்திருந்தாள். காரை நிறுத்திவிட்டு வந்த அண்ணன் முதலில் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். சீட்டின் வாலில் கையை வைத்து இரண்டு முறை அமுக்கினான். இரண்டு முறையும் கீழே போய் மேலே வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் போனான்.

“உண்மையைச் சொல்லும்மா. வலிக்கா, இல்லையா?”

“வலிக்கத்தான் செய்யுது” என்றாள் அம்மா, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. “அங்க வந்தாலும் வலிக்கும்ல. இங்கன்னா வலிக்கும்போது கையில வேல இருக்கும்.”

அண்ணன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி சாவியைத் தேடினேன்.

“அப்ப நான் போகவா?” என்றான்.

“போ. தீவாளிக்கு நாலு நாளு வாரேன், அப்பம் வந்து கூட்டிட்டுப் போ” என்று சொல்லி மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள் அம்மா. அவன் படி இறங்கும்போது தலையைத் தூக்காமலே கூப்பிட்டாள்.

“ஏலே, அந்தத் தலகாணிய எடுத்துக் குடுத்துட்டுப் போ. இந்த ஸ்டூலு கெட்டியா இருக்கு.”